கண்டிகோட்டாவின் ஒளியும் நிழலும்

ஆந்திர மாநிலத்தின் கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பாய்கிறது பெண்ணாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, நெல்லூருக்கு அப்பால் வங்கக் கடலில் கலக்கும் ஆறு இது. தமிழகத்தில் பாயும் தென்பெண்ணையும் அதே மலைப்பகுதியில்தான் பிறக்கிறது. பெண்ணாறு குடைந்த மலையிடுக்கின் விளிம்பில் கண்டிகோட்டா என்னும் பழைய கோட்டை நிற்கிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. 'கோட்ட' என்றால் கோட்டை. இருபுறமும் செங்குத்தாக எழும் செந்நிறப் பாறையடுக்குகள். கீழே வளைந்து செல்லும் நீர். காண்போர் அனைவரும் அதைப் படமெடுக்க விரும்புவர். எடுத்த படத்தைப் பார்த்தபின் பலர் ஏமாற்றம் அடைவர்.

நானும் அவ்வாறு ஏமாந்தவனே. காலையில் எடுத்த முதல் படத்தில் பாறைகள் தெளிவாக இருந்தன. வானமோ வெள்ளைத் தாள்போல் வெளுத்துக் கிடந்தது. ஒளியைக் குறைத்து மீண்டும் எடுத்தேன். வானத்தின் நீலம் வந்தது. ஆறு இருளில் மறைந்தது. என் கண்ணுக்கு இரண்டும் தெரிந்தனவே, கருவிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

உண்மையில் நம் கண்ணும் இரண்டையும் ஒரே நொடியில் காண்பதில்லை. வானை நோக்கும்போது கண்மணி சுருங்குகிறது. நிழலை நோக்கும்போது விரிகிறது. இவ்வாறு மாறி மாறிப் பார்த்தவற்றை மூளை ஒரே காட்சியாக இணைத்துக்கொள்கிறது. ஒளிப்படக்கருவியோ ஒரு படத்திற்கு ஓர் ஒளியளவையே ஏற்கும். ஆகவே அதனையும் பலமுறை பார்க்கச் செய்ய வேண்டும். இம்முறைக்குப் பிராக்கெட்டிங் என்று பெயர். அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லை வைப்பதுபோல, நடுத்தர ஒளியளவின் இருபுறமும் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் நிறுத்துவதால் இப்பெயர்.

முதலில் கருவியை முக்காலியில் அசையாமல் பொருத்த வேண்டும். முக்காலி விளிம்பிலிருந்து நன்கு தள்ளி நிற்கட்டும். கருவியைப் பார்த்துக்கொண்டே அடியெடுத்து வைப்பவர்களுக்கு மலையிடுக்கு இரக்கம் காட்டாது. கருவி காட்டும் திறப்பு நேரம் 1/125 நொடி எனக் கொள்வோம். அந்த அளவில் ஒரு படம் எடுக்க வேண்டும். அடுத்தது 1/500 நொடி. ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைய, மேகங்கள் பதியும். மூன்றாவது 1/30 நொடி. ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காக, நிழலிலுள்ள பாறைப் பிளவுகள் தெரியும். நேரத்தை மட்டுமே மாற்ற வேண்டும். வில்லையின் துளையை மாற்றினால், படத்தில் எதுவரை தெளிவாகத் தெரியும் என்பதும் மாறிவிடும். மூன்று படங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. பின்னர் மூன்றையும் கணினியில் இணைக்கலாம். இன்றைய கைப்பேசிகள் பல, எச்டிஆர் என்னும் பெயரில் இதைப் போன்றதையே தாமாகச் செய்கின்றன.

இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1850களில் கடற்காட்சிகளை உருவாக்கியபோது, வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு எதிர்மறைத் தகடுகளை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார்.

காற்றில் ஆடும் செடி மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் இருக்கும். இணைத்தால் ஆவிபோல் மங்கலாகத் தெரியும். காற்று அடங்கும்வரை காத்திருப்பதே நல்லது. நிழலை முற்றிலும் நீக்கிவிடுவது இன்னொரு பிழை. நான் முதலில் இணைத்த படத்தைக் கண்ட மாணவி ஒருத்தி, "அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் பள்ளமாகவே தெரியவில்லையே!" என்றாள். அன்று மாலையே அதை மறுபடியும் இணைத்தேன். இம்முறை ஆற்றோரத்தில் சிறிது இருளை விட்டுவைத்தேன்.