நீர்த்தேக்கக் கரைகளில் நடப்போம்



ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கு வரும்போது, பாலத்தின் ஓரமாகப் பருத்த நீர்க்குழாய்கள் நம்மோடு கூடவே வருவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்திலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் நேரே லிட்டில் இந்தியாவுக்குத்தான் போகின்றன. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, தேக்கா சந்தையில் ஒரு சாப்பாடு, சிராங்கூன் சாலைக் கடைகளில் புடவையும் பாத்திரமும் பார்த்தாயிற்றென்றால் மாலையில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அதில் தவறில்லை. ஆனால் ஒரு நாள் காலையை மட்டும் ஒதுக்கி வைத்தால், காசு செலவில்லாமல், வயதானவர்களும் குழந்தைகளும் நடக்கக்கூடிய ஏரிக்கரைகள் அந்த நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே நம் தோட்டத்துக் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் மேக்ரிட்சி நீர்த்தேக்கம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறி, ஸ்டீவன்ஸில் மாறி, கால்டிகாட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சிறிது தூரம். விடியற்காலையில் போவது நல்லது. பெரட்டுக்கு எழுந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை! பிற்பகலில் இடியும் மழையும் வந்துவிடும்.

இது இயற்கை ஏரி அன்று. மண்ணால் அணை கட்டி, மழை நீரைத் தேக்கிய இடம். சிங்கப்பூர் நகரம் வளர்ந்த தொடக்க காலத்தில் வீடுகளுக்குக் குழாய் கிடையாது. கிணற்று நீரை மாட்டுவண்டிகளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். சைனாடவுன் பகுதிக்குக் கிரேத்தா ஆயர் என்று மலாய்ப் பெயர் இருப்பது அதனால்தான். தண்ணீர் வண்டி என்பது பொருள். 1857ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்த வணிகர் டான் கிம் செங் என்பவர், ஊருக்கு நல்ல தண்ணீர் வர வேண்டும் என்று 13,000 வெள்ளி கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் காரியம் ஆமை வேகத்தில் நடந்தது. நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது; அப்போது டான் கிம் செங் உயிரோடு இல்லை. தேக்கம் முடிந்தும், இறைக்கும் இயந்திரமும் நகருக்குள் குழாயும் அமைய மேலும் ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆயின. ஏரி நிறைந்து கிடக்க, ஊர் தாகத்தோடு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? அவர் நினைவாக 1882இல் வைத்த நீரூற்று இன்று எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது.

பிற்பாடு 1890களில் இந்தத் தேக்கத்தைப் பெரிதாக்கினார் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மேக்ரிட்சி. 1922இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். பொறியாளர் பெயர் நின்றது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. சிங்கப்பூரின் பழைய சாலைகளில் பலவற்றைப் போட்டவர்கள், இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றுக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைகள்தாம். இதையெல்லாம் குழந்தைகளுக்கு நடந்துகொண்டே சொல்லலாம்.

மேக்ரிட்சியில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். காட்டுக்கு மேலே 250 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலம் ஒன்று 2004 முதல் உண்டு. பிள்ளைகள் அதற்குத்தான் அடம்பிடிப்பார்கள். ஆனால் அங்கே போய்த் திரும்பப் பல மணி நேரம் ஏறி இறங்கி நடக்க வேண்டும்; திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியும் இருக்கும். பாட்டி தாத்தாவோடு வந்தவர்களுக்கு நீரோரத்து மரப்பலகைப் பாதையே போதும். தண்ணீரில் மரக்கிளைகள் சாய்ந்திருக்கும். உடும்பு ஒன்று வெயில் காயும். குரங்குகள் வரும். அவற்றுக்குத் தின்ன எதையும் கொடுக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால், நீங்கள் கொடுக்காவிட்டாலும் அவை எடுத்துக்கொள்ளும்.

கரைக்குச் சற்று மேலே லிம் போ செங் என்பவரின் சமாதி இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மறைவாகப் போராடியவர். பேராக்கில் பிடிபட்டு, பத்து காஜா சிறையில் 1944ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இறந்தார். போர் முடிந்த பிறகு, 1946 ஜனவரியில், அவர் உடலை இங்கே கொண்டுவந்து ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அந்தப் போரில் இந்தத் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய படைகள் கடற்பாலத்தை வெடி வைத்து உடைத்தபோது ஜொகூர்க் குழாயும் அறுந்தது. பிறகு தீவின் நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் கைக்குப் போயின. குண்டு வீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாக ஓடியது. பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் சரணடைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் குடிநீர்த் தட்டுப்பாடும் ஒன்று.

சரி, இத்தனை பெரிய நகரத்தின் நடுவே காடு எப்படி மிஞ்சியது? 19ஆம் நூற்றாண்டில் இத்தீவில் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். கம்பீர் இலையைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சிச் சாறெடுக்க வேண்டும். பயிர் வைக்க ஒரு காடு, அடுப்பெரிக்க இன்னொரு காடு என்று வெட்டித் தள்ளினார்கள். 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். லாலாங் புல் மண்டும். அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படித்தான் பலர் ஜொகூருக்கும் போனார்கள். தீவில் காடு மிகக் குறைவாகவே எஞ்சிய நிலையில், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இருந்தது. மொட்டை மலையில் பெய்த மழை சேற்றோடு ஒரே பாய்ச்சலாக ஓடிவந்து தேக்கத்தைத் தூர்த்துவிடும். மரமும் இலைச் சருகும் உள்ள மண் நீரைக் குடித்து, பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். செங்குத்தான தோட்டச் சரிவில் மழைக் காலத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாங்கள் விளக்க வேண்டுமா?

இரண்டாவது நடை கீழைப் பியர்ஸ் நீர்த்தேக்கம். அப்பர் தாம்சன் சாலைவழிப் பேருந்தில் போய், பழைய சாலைக்குள் சிறிது நடக்க வேண்டும். இந்தப் பழைய சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடத்தினார்கள் என்பது ஒரு வேடிக்கை. 1910 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட இத்தேக்கத்துக்கும் 1922இல்தான் இப்பெயர் வந்தது. காலாங் ஆறு இங்கிருந்துதான் நகரத்துக்குள் இறங்குகிறது. மேக்ரிட்சியைவிடக் கூட்டம் குறைவு. கரையோரமாகப் போகும் பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்குள்தான். நாங்கள் இந்த இடத்தைத்தான் முதலில் பரிந்துரைப்போம்.

ஏனென்றால், இந்தக் காட்டுக்குள் பால்மரம் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே தோட்டம் இருந்தது. கைவிட்ட பிறகு காடு திரும்பி வந்தது. பழைய மரங்கள் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன.

ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஒருமுறை இங்கே நடந்தோம். அந்த வீட்டுப் பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். ஏரியை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஒரு மரத்தின் முன் நின்றுவிட்டார். "நிரையில்லாம நிக்குது பாருங்க," என்றார். பேரப்பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளியில் படிப்பவர்கள். பால்மரத்தை அவர்கள் தொட்டதே இல்லை. கத்தியை எப்படிப் பிடிப்பது, பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது, உள் மரத்தில் பட்டுவிட்டால் என்ன ஆகும், மங்கில் பால் நின்ற பிறகு ஒட்டுப்பால் எப்படி எடுப்பது என்று வெறுங்கையாலேயே காட்டினார். விடியலில் மட்டும் ஏன் வெட்டுகிறார்கள் என்று பேரன் கேட்டான். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்றார் பாட்டி. இலைகள் நீரை ஆவியாக விடாத இராப்பொழுதில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும்; அதனால் விடியலில் பால் வேகமாக வடியும் என்று நூல்களும் அதையேதான் சொல்கின்றன.

இந்த மரம் நம் நாடுகளுக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாவது இடம், தாவரவியல் தோட்டம். லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயிலில் மூன்றாவது நிறுத்தம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் உண்டு. 1866இல் வெட்டிய அன்ன ஏரி மறு கோடியில், டாங்ளின் வாசல் பக்கம் இருக்கிறது. அதுவரை நிழலிலேயே நடந்து போகலாம். 2015இல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமை இடமாக அறிவித்தது. அதற்கு ரப்பரும் ஒரு காரணம்.

பிரேசில் நாட்டு விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள்தாம். 1888இல் இத்தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைப் பல ஆண்டு சோதித்துக் கண்டார். கோடரியால் கொத்தாமல், பழைய வெட்டின் ஓரத்தையே நாள்தோறும் மெல்லச் சீவினால் பாலும் கூடும், பட்டையும் திரும்ப வளரும் என்பது அவர் கண்டது. காப்பித் தோட்டத் துரைமார்களிடம் ரப்பர் நடுங்கள் என்று விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். பைத்தியம் என்று அவரைக் கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் துணிந்து நட்டார். அதற்குப் பிறகு கார் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும், தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம்மவர் வந்ததும் உங்கள் குடும்பத்துக் கதை. ரிட்லி 100 வயது வரை இருந்து 1956இல் இறந்தார்.

இவற்றை ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய கட்டடத்திலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தப் பாட்டியை அங்கேயும் அழைத்துப் போயிருந்தோம். ரிட்லி துரையின் கதையைப் பேரன் படித்துச் சொன்னான். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெட்டச் சொல்லிக் கொடுத்தது இவரா? எனக்கு எங்கம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க," என்றார்.