அறுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்

பாரிஸ் நகரில் விக்டர் ஹியூகோ சாலையை ஒட்டி லமார்த்தீன் சதுக்கம் என்றொரு சிறு பூங்கா இருக்கிறது. அங்குள்ள குழாயடிக்கு அக்கம்பக்கத்தார் தள்ளுவண்டியில் காலி பாட்டில்களோடு வந்து, தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். காசு கிடையாது. இவர்கள் வீட்டுக் குழாயிலும் நல்ல குடிநீர்தான் வருகிறது. ஆனால் அதில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். தேநீரின் மேல் ஆடை கட்டும். பூங்காத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. தேநீருக்கு அதுதான் ருசி என்பது அதைத் தேடி வருபவர்களின் தீர்ப்பு.

பால் வெர்லேன் சதுக்கத்திலும் மதோன் பூங்காவிலும் இதே தண்ணீர் வருகிறது. இதை ஊற்று நீர் என்கிறோம். உண்மையில் இது தானாகக் கசிந்த ஊற்று அல்ல, மனிதர் துளையிட்டு வரவழைத்தது. பாரிஸுக்கு அடியில் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் அல்பியன் காலத்து மணற்படுகை இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. அதன் மேலே நீர் புகாத களிமண். அதற்கும் மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குச் சுண்ணப்பாறை. நகருக்கடியில் ஆழத்தில் கிடக்கும் இந்த மணற்படுகை, கிழக்கிலும் தென்கிழக்கிலும் வெகுதூரம் தள்ளி மேலேறி வந்து தரையில் தலைகாட்டுகிறது. அங்கே பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, நகரின் அடியை நோக்கி மெல்ல ஊர்கிறது. இந்தப் பயணத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கின்றன.

மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது கீழே குழாயைத் திறந்தால் பீறிடுவது ஏன்? தொட்டியின் உயரம் தரும் அழுத்தம்தான் காரணம். இங்கே மேட்டு நிலத்து மணற்படுகைதான் தொட்டி. களிமண்ணைத் துளைத்துவிட்டால் போதும், தண்ணீர் தானே மேலேறி வரும். இப்படி அமைந்த கிணற்றைத்தான் ஆர்ட்டீசியன் கிணறு என்கிறோம்.

இதை முதலில் பாரிஸில் செய்து காட்டியவர் லூயி-ஜார்ஜ் முலோ. 1833இல் கிரெனெல் பகுதியில், ஆடுமாடு வெட்டும் கூடத்தின் வளாகத்தில் வேலையைத் தொடங்கினார். இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, குதிரைகளைக் கொண்டு சுழற்றித் துளைத்தார்கள். 1837இல் தண்டு முறிந்து, மண் அள்ளும் கருவியோடு துளைக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. வேலையைக் கைவிடச் சொன்னவர்கள் பலர். விஞ்ஞானி ஃபிரான்சுவா அராகோ மட்டும் விடவில்லை. நிலவியல் கணக்குப்படி கீழே தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1841 பிப்ரவரி 26 அன்று, 548 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் பொங்கி வந்தது.

வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது; சுமார் 28 டிகிரி. பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறையில், 28 மீட்டர் ஆழத்தில், வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 டிகிரியில் மாறாமல் நிற்கும். அதற்குக் கீழே 30 மீட்டருக்கு ஒரு டிகிரி கூடும் என்று வைத்தால், 548 மீட்டரில் சுமார் 29 டிகிரி வர வேண்டும். கணக்குக்கும் தண்ணீருக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆழம் போகப் போகப் பூமி சூடாகிறது என்பதற்கு அந்தக் கிணறே கண்கூடான சான்று. பியூத் ஓ காய் பகுதியில் 1924இல் திறந்த நீச்சல் குளத்துக்கு இதே மணற்படுகையின் வெதுவெதுப்பான நீர்தான் போனது.

1861இல் பாசி பகுதியில் இரண்டாவது கிணறு பொங்கியது. உடனே கிரெனெல் கிணற்றில் வரத்து குறைந்தது. இரண்டுக்கும் இடையே கிலோமீட்டர் கணக்கில் தூரம். ஆனாலும் கீழே இருப்பது ஒரே மணற்படுகை. அதன் பிறகு தொழிற்சாலைகளும் ஊர்களும் போட்டிபோட்டுத் துளைத்ததில் அழுத்தம் சரிந்தது. 1935இல் பிரெஞ்சு அரசு சட்டம் போட்டது: பாரிஸ் வட்டாரத்தில் 80 மீட்டருக்கு மேல் துளைக்க அனுமதி வாங்க வேண்டும். இன்று அந்த நீரை அவசரக் காலச் சேமிப்பாகக் காக்கிறார்கள். ஆறுகளும் மற்ற நீர்நிலைகளும் கெட்டுப்போகும் நாள் வந்தால் தலைநகருக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டியது அதுதான்.

அழுத்தத்தோடு மேலேறும் ஆழத்து நீர் தமிழகத்துக்கும் புதிதல்ல. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. அந்த நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இல்லையேல் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

இலவசமாக வருவது எல்லையில்லாமல் வரும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆழத்து நீர் முன்னோர் காலத்து மழை. நாம் எடுக்கும் வேகத்தில் அது ஊறுவதில்லை. லமார்த்தீன் சதுக்கத்தில் இன்றும் பாட்டில் நிரம்புகிறதென்றால், 1935இல் சிலர் 'போதும்' என்று சொன்னது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 800 அடி, 1000 அடி என்று ஆழ்துளைக் கிணறு போட ஆள் கூப்பிடும் முன், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் என்ன ஆனது என்று ஒருமுறை விசாரியுங்கள். கூரையில் விழும் மழையைத் தரைக்குள் அனுப்ப வழி செய்யுங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கும் அதே நிலத்தடியிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும்.