பூட்டிய அறையில் நான்கு பேர்

ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே விளையாட்டு என்று எண்ணி நாம் பழகியிருக்கிறோம். கேரமும் லூடோவும் அப்படிப்பட்டவையே. ஆனால் உங்கள் வாலிபப் பிள்ளைகள் இன்று வாங்கித் தரும்படி கேட்கக்கூடிய ஒரு விளையாட்டில், சுற்றி அமர்ந்திருக்கும் அனைவரும் ஒன்றாக வெல்லுகிறார்கள், அல்லது ஒன்றாகத் தோற்கிறார்கள். எதிராளி கடிகாரம் மட்டுமே. அதற்கு 'எஸ்கேப் ரூம்' என்று பெயர்.

2007ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ கத்தோ என்பவர் இதனை நிஜமான அறையில் நடத்தத் தொடங்கினார். ஒரு குழுவை அறைக்குள் அனுப்பிக் கதவை அடைத்துவிடுவார்கள். உள்ளே மறைந்திருக்கும் குறிப்புகளைக் கண்டுபிடித்து, புதிர்களை அவிழ்த்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வரவேண்டும். நமது பெருநகரங்களிலும் இத்தகைய அறைகள் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதால், ஒரு குடும்பம் போய்வருவதற்குள் பை காலியாகிவிடும்.

அந்த அறையையே ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த இன்கா பிராண்ட், மார்க்குஸ் பிராண்ட் என்னும் தம்பதியர். அவர்களுடைய 'எக்ஸிட்' வரிசையை காஸ்மாஸ் பதிப்பகம் 2016இல் வெளியிட்டது. மறு ஆண்டே அந்நாட்டின் பெரிய விளையாட்டு விருதுகளுள் ஒன்றை அது பெற்றது. பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம், புதிர் அட்டைகள், விடை அட்டைகள், சுழற்றிப் பார்க்கும் ஒரு வட்டத் தகடு ஆகியவை இருக்கும். புதிரின் விடையைத் தகட்டில் பொருத்தினால் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணுள்ள அட்டையை எடுத்தால் விடை சரியா, தவறா என்று தெரியும். திகைத்து நிற்போருக்கு ஒவ்வொரு புதிருக்கும் மூன்று உதவி அட்டைகள் உண்டு. முதலாவது வழி காட்டும், இரண்டாவது கைப்பிடித்து நடத்தும், மூன்றாவது விடையையே சொல்லிவிடும். அட்டைகளை வெட்டவும், மடிக்கவும், அவற்றின்மேல் எழுதவும் வேண்டியிருப்பதால் ஒரு பெட்டியை ஒரே முறைதான் விளையாட இயலும். இது எனக்கு வீண்செலவாகவே தோன்றுகிறது. 2017இல் வந்த 'அன்லாக்' என்னும் வரிசையில் எதையும் வெட்டவேண்டியதில்லை. விளையாடி முடித்தபின் அட்டைகளை அடுக்கி அடுத்த வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கைப்பேசியில் அதற்குரிய செயலி வேண்டும்.

வாங்குமுன் மேலட்டையை நன்றாகப் பாருங்கள். பேய் வீடு, கல்லறை என்று திகிலூட்டும் கதைகளும் இவற்றில் கலந்திருக்கின்றன. விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம், துருவப் பிரதேச நிலையம், தனித் தீவு போன்றவையும் தாராளமாகக் கிடைக்கும்போது, நமது வீட்டுக்கு எது ஏற்றது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. ஒருமித்து ஆடும் விளையாட்டுகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. வேகமாகச் சிந்திப்பவர் ஒருவர் எல்லா அட்டைகளையும் தம் பக்கம் இழுத்துக்கொள்வார், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். இப்படிப்பட்டவருக்கு 'ஆல்ஃபா பிளேயர்' என்றே விளையாட்டு உலகில் பெயர் வைத்திருக்கிறார்கள். பிழைப்புக்காக மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்த நமது குடும்பங்களில் இந்த வியாதி இன்னும் சற்று ஆழமானது. பெட்டிக்குள் இருப்பது ஆங்கிலம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் மகன் சரளமாக வாசித்துக்கொண்டே போவான். தகப்பனார் தலையசைப்பார், தாயார், "நீங்களே விளையாடுங்கள்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விடுவார். வங்கிப் படிவத்திலும் மருத்துவமனை வரிசையிலும் பிள்ளையின் ஆங்கிலத்தை நம்பி நிற்கும் பெற்றோருக்கு, விளையாட்டு நேரத்திலும் அதே நிலை வரவேண்டுமா?

ஆகவே சில ஒழுங்குகளை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். இரவு உணவையும் பாத்திரங்களையும் முடித்துவிட்டு எல்லாரும் அமரவேண்டும். அட்டைகளை அனைவருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். தன் கையிலுள்ளதைத் தானே விளக்கவேண்டும். ஆங்கிலத்தில் வாசிப்பவர் அடுத்த மூச்சில் தமிழில் சொல்லவேண்டும். மகனுக்கு அதுவே ஒரு புதிராகிவிடும்! உதவி அட்டையை எல்லாரும் சம்மதித்தால் மட்டுமே எடுக்கவேண்டும். இந்தப் புதிர்களில் பல ஆங்கில அறிவைச் சோதிப்பவை அல்ல. ஒரு காகிதத்தை எப்படி மடித்தால் இரண்டு கோடுகள் சேரும் என்பதை, ரவிக்கை தைத்துப் பழகிய தாயார் பட்டதாரி மகனுக்கு முன்பாகவே கண்டுகொள்ளக்கூடும்.

பெட்டி வாங்க வசதியில்லையா? வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு தகரப் பெட்டியும், மூன்று இலக்கப் பூட்டும் போதும். அந்தப் பூட்டில் 1000 எண்கள் அமையும். மூன்று விநாடிக்கு ஒன்றாகத் திருப்பினாலும் 50 நிமிடங்களில் திறந்துவிடலாம் என்பதைக் கடைக்குட்டிக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். குறிப்புகளைத் தமிழிலேயே அமையுங்கள். மெய்யெழுத்துகள் 18, உயிரெழுத்துகள் 12. மெய்யின் வரிசை எண்ணை முதலிலும் உயிரின் வரிசை எண்ணை அடுத்தும் எழுதினால் அது ஓர் உயிர்மெய் எழுத்தாகும். 7-1, 13-9, 11-1, 6-9 என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தமிழ் எழுத்துகளை மறந்துவரும் பிள்ளையும் ஒரு தாளில் 'க், ங், ச்' என்று வரிசையாக எழுதி எண்ணத் தொடங்கும். விடை 'தலையணை'. அதன் உறைக்குள் அடுத்த சீட்டு இருக்கட்டும்.

கடைசிச் சீட்டுக்கு ஊரிலுள்ள பாட்டியின் உதவியைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த விடுகதை ஒன்றை அன்று காலையிலேயே தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடை தெரியாமல் பிள்ளைகள் தவித்தால், அழைக்கவேண்டியது பாட்டியின் எண்ணைத்தான். கேட்டவுடன் விடையைச் சொல்லிவிடாமல், முதலில் ஒரு சிறு குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.