நாற்று விற்பனை தொடங்குவோர்க்குச் சில யோசனைகள்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றின் நாற்றுக்களை வளர்த்து அயலவர்க்கு விற்றல் சிறு முதலோடு தொடங்கத்தக்க தொழிலாகும். எனினும், தொடங்குவோரிற் சிலர் முதற் போகத்திலேயே கைப்பொருளை இழந்து தொழிலை விட்டுவிடுகின்றனர். விலைப்படாது முற்றிப்போகும் நாற்றும், நாற்றழுகல் நோயுமே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இவ்விரண்டையும் அதிக செலவின்றித் தடுக்கலாம்.

முதலில் விற்பனையைக் கவனிப்போம்; விதைத்தபின் அதனை யோசிப்பதிற் பயனில்லை. மிளகாய் நாற்று நான்கு அல்லது ஐந்து கிழமையில் நடுகைக்கு ஏற்றதாகும். அதன்பின் மேடையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நீண்டு மெலிந்து மதிப்பிழக்கும். ஆகையால் மேடை அமைக்குமுன் அயற் கமக்காரரிடம் சென்று, யார், எப்பொழுது, எத்தனை பரப்பு நடுவர் என்பதைக் கொப்பியிற் குறித்துக்கொள்க. ஒரு பரப்பு ஏறத்தாழ 2,720 சதுர அடி. 2 அடிக்கு 1½ அடி இடைவெளியில் நட்டால் ஏறக்குறைய 900 குழிகள்; குழிக்கு இரண்டாக 1,800 நாற்று வேண்டும். விலையிற் காற்பங்கை முற்பணமாகப் பெறுவது நன்று. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பணம் கொடுத்தவர் தவறாது நாற்றுக்கு வருவார். விதை முழுவதையும் ஒரே நாளில் இடாது, கிழமைக்கொரு மேடையாக இடுக. மழை பிந்தினாலும் எல்லா நாற்றும் ஒருங்கே முற்றிவிடாது.

நாற்றழுகல் மண்ணில் வாழும் பங்கசுக்களால் உண்டாவது. அடித்தண்டு நீரூறியதுபோல் மென்மையாகி, நாற்று சாய்ந்து மடியும். ஒரு மூலையில் தோன்றி விரைவில் மேடை முழுவதும் பரவுதலும் உண்டு. விலையுயர்ந்த மருந்தைத் தேடுமுன் உமியையும் வைக்கோலையும் பயன்படுத்துக. 3 அடி அகலமும் அரை அடி உயரமுமான மேடையின்மீது இவற்றை மாறிமாறிப் படையாகப் பரப்பி, காற்றுக்கு எதிர்த்திசையில் தீ மெல்லப் பரவுமாறு எரிக்க வேண்டும். வைக்கோல் மட்டும் விரைந்தெரிந்து மேற்பரப்பையே சுடும். உமி இருந்தாற்றான் சூடு மண்ணுள் இறங்கும். மேடை நன்றாக ஆறியபின்னரே விதையிடுக. எரித்த மேடையிலும் நெருக்கமாக விதைத்து நீரைத் தேங்கவிட்டால் நோய் மீண்டும் வரும்.

பிளாத்திக்குத் தட்டுக்களும் நிழல்வலைக் கூடாரமும் முதலாண்டில் வேண்டியதில்லை. கைப்பணத்தை அவற்றிலிட்டுப் பின்னர் விதைக்குக் கடன் வாங்கியவரையும் கண்டிருக்கிறேன். கிடுகுப் பந்தல் போதும். தூர இடத்துக்குச் செல்லும் நாற்றுக்களுக்கு, பழைய பத்திரிகைத் தாளைப் போத்தலிற் சுற்றி உருவிய சிறு குழாய்களில் கூட்டெருவும் மேல்மண்ணும் சம அளவிற் கலந்து நிரப்பலாம். தாளோடே நட்டுவிடலாமாதலால் வேர் குலையாது.

விதையில் மட்டும் சிக்கனம் ஆகாது. கலப்பினப் பழத்தினின்று எடுத்த விதை தாய்ச்செடியை ஒத்திராது. நாற்றோ நன்றாகத் தோன்றும். குறை காய்க்குங் காலத்திலேயே தெரியவரும். அப்பொழுது வாங்கியவரின் ஒரு போகம் போய்விட்டிருக்கும்.

நாற்றுப் பிடுங்குவதற்கு ஒரு கிழமை முன்பிருந்தே நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து வருக. பிடுங்கும் நாளில் மேடையை நன்கு நனைத்து, மாலையிலேயே பிடுங்க வேண்டும். இனத்தின் பெயரையும் விதைத்த திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கட்டோடு கொடுக்குக. நாற்றழுகல் கண்ட மேடையில் எஞ்சிய நாற்று நலமாகத் தோன்றினும் அதனை விற்கலாகாது. அதற்குப் பெற்ற முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்குக. வாங்குவோர் இணங்கினால் அடுத்த கிழமை மேடையிலிருந்து நாற்றைக் கொடுக்கலாம்.