டிராக்டரின் முன் சக்கரக் குடம்: தேய்வை அறிதலும் மாற்றுதலும்

மேட்டூர் அணையில் நீர் இருப்புப் போதுமானதாய் உள்ள ஆண்டுகளில் ஜூன் மாதம் 12-ஆம் தேதி பாசனத்திற்காகத் தண்ணீர் திறக்கப்படுவது வழக்கம். அத்தண்ணீர் வாய்க்கால்களில் ஏறியவுடன், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த நஞ்சைகளில் உழவு வேலை ஒரே சமயத்தில் நெருக்கும். உறையூர், புத்தூர், தில்லை நகர் முதலிய இடங்களில் குடியிருந்துகொண்டு உய்யக்கொண்டான் பாசனத்தில் நிலம் வைத்திருப்போரும், வாய்க்கால் கரைக் கிராமங்களிலேயே வசிப்போரும் அந்நாட்களில் டிராக்டரையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். குறுவை நாற்று 20 முதல் 25 நாட்களில் பிடுங்கி நடத்தக்கது. சேற்றுழவு ஒரு வாரம் தடைப்பட்டால் நாற்று முற்றித் தூர் குறையும், மகசூலும் குறையும். இத்தகைய தடைக்குக் காரணமாகும் பழுதுகளுள் முன் சக்கரக் குடத்தின் தேய்வு ஒன்று. இது திடீரென்று நேர்வதன்று. பல நாள் அடையாளம் காட்டிய பின்னரே முற்றுவது. ஆகையால் முன்கூட்டி அறிந்து நீக்குதல் எளிது.

குடத்தின் அமைப்பு

மாட்டு வண்டியின் குடம் இருசின்மேல் நேராகச் சுழல்வது. விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் குழைத்த மசகு அதற்குப் போதுமானதாயிருந்தது. டிராக்டரின் குடமோ தண்டின்மேல் நேராக உராய்வதில்லை. இரண்டுக்கும் நடுவே கூம்பு உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள் உள்ளன. உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. குடத்தினுள் இறுக்கமாக அமர்ந்திருக்கும் வெளி வளையத்தைக் கப் என்றும், உருளைகளோடு தண்டின்மேல் அமரும் உள் வளையத்தைக் கோன் என்றும் பட்டறைகளில் வழங்குவர். இவ்வகைப் பேரிங்கிற்கு 1898-இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்ற ஹென்றி டிம்கன் என்பவர் குதிரை வண்டி செய்யும் தொழிலினர். வண்டி திரும்புகையில் குடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும், மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் ஒருங்கே தாங்குவதே கூம்பு வடிவின் பயன்.

குடத்தின் உட்பக்கத்தில் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் சேற்றைத் தடுக்கிறது. வெளிப்பக்கத்தில் வாஷர், காடி வெட்டிய நட்டு, அதனைப் பூட்டும் ஸ்பிளிட் பின், மேல் மூடி ஆகியவை உள்ளன. வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிராக்டரின் முன் சக்கரத்திற்கு இச்சிறு பின் அப்படி.

தேய்வின் காரணங்கள்

சேற்றுழவில் குடம் நீரினுள் மூழ்கி ஓடுகிறது. சீல் கிழிந்திருந்தால் நீரும் வண்டலும் உட்புகுந்து கிரீஸைக் கெடுக்கும். உருளைகள் துருவேறிக் குழி விழும். நட்டு அதிக இறுக்கமாயிருப்பின் பேரிங் சூடேறிக் கருகும்; தளர்ந்திருப்பின் உருளைகள் மோதிச் சிதையும்.

சோதிக்கும் முறை

சாலையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைவிட மிகுதியாகச் சுடுமாயின் அதில் குற்றம் உண்டு. பின்பு, கீழே விவரிக்கும் எச்சரிக்கைகளோடு முன் அச்சை உயர்த்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், நல்ல பேரிங் ஓசையின்றி ஓடும், கெட்டது கரகரக்கும். அடுத்து, சக்கரத்தின் மேற்புறத்தை ஒரு கையாலும் அடிப்புறத்தை மற்றொரு கையாலும் பற்றி, முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும்.

அசைவு கண்டவுடன் பேரிங் போயிற்று என்று தீர்மானித்தல் தவறு. ஒருவர் அசைக்க, மற்றொருவர் உட்புறம் நோக்க வேண்டும். தண்டு நிலையாயிருந்து குடம் மட்டும் ஆடினால் குற்றம் பேரிங்கிலோ நட்டிலோ உள்ளது. தண்டும் சேர்ந்து அச்சினின்று ஆடினால், தேய்ந்தது செங்குத்துத் தண்டின் புஷ். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரியின் டை ராட் முனைகளைப் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் நல்ல பேரிங்கைக் கழற்றிப் புதியது வாங்கி வீண் செலவு செய்தல் கூடாது.

கழற்றுதல்

சமமான கெட்டித் தரையில் டிராக்டரை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியால் உயர்த்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் உயிருக்கு ஆபத்து; அச்சின்கீழ் உறுதியான தாங்கியை வைத்த பின்னரே சக்கரத்தை எடுக்க வேண்டும்.

மூடி, பின், நட்டு, வாஷர் என்று முறையே நீக்கிக் குடத்தை இழுத்தால் வெளிப் பேரிங் கையில் விழும். சீல் எந்த முகம் உள்நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு அதை எடுத்துவிடுக. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி உலர்த்திப் பார்த்தால் உண்மை விளங்கும். உருளையிலோ கப்பிலோ குழி, உரிவு, நீல நிறம் காணப்படின் கப்பையும் கோனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதிய கோன் நெடுநாள் நில்லாது.

குடத்தை மாற்ற வேண்டிய நிலை மூன்று. கப் தன் இருக்கையில் விரலால் சுழலுமளவு துளை அகன்றிருத்தல். குடத்தில் விரிசல் காணுதல். சக்கர போல்ட் துளைகள் நீண்டு போதல். துளை அகன்ற இடத்தில் உளியால் குத்திக் கரடாக்கியும், தகரம் செருகியும் கப்பை நிறுத்துவோர் உண்டு. அது சில நாட்களில் மீண்டும் தளரும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் காவிரிப் பாலத்தில் செல்லும்போது சக்கரம் கழன்றால் வருங் கேட்டை எண்ணி இதனைத் தவிர்க்க வேண்டும். தண்டிலும் ஆழமான வெட்டு இருப்பின் புதிய குடம் மட்டும் பயன் தராது.

பூட்டுதல்

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றுக. புதியதையும் சாயாமல் அவ்வாறே இறக்குக. அடியில் முட்டியவுடன் தட்டும் ஓசை மாறும். பேரிங்கைச் சுத்தியலால் நேரே அடித்தல் கூடாது. கெட்டி எஃகாதலால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்துக் கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, உருளைகளின் இடையே மறுபுறம் வெளிவரும் வரை ஏற்றுக. குடத்தின் உட்குழியை முழுவதும் அடைத்தால் சூடேறும். ஓரளவு இடம் விடுதல் நன்று. சீலை எப்போதும் புதிதாகவே இடுக.

குடத்தைப் பூட்டி, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் ஓரிடத்தில் சுழற்சி கனக்கும். அங்கிருந்து பின்னின் துளைக்கு நேராக ஒரு காடி வரும் அளவு தளர்த்துக. சக்கரம் தாராளமாய்ச் சுழல வேண்டும், ஆட்டம் தெரியக்கூடாது. டிராக்டருடன் வந்த கையேட்டில் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே கொள்ளத்தக்கது. பழைய பின்னையோ ஆணியையோ கம்பியையோ செருகாமல் புதிய பின்னையே இட்டு மடக்குக. சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சில மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிக் குடத்தின் சூட்டையும் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர்களின் முன் குடத்தில் பற்சக்கரங்களும் எண்ணெயும் உள்ளன. அவற்றை வீட்டில் பிரித்தல் தகாது.

முடிவு

சித்திரை, வைகாசி மாதங்களில், நிலம் காய்ந்திருக்கும்போதே இச்சோதனையைச் செய்துகொள்வது உத்தமம். சேற்றுழவு முடிந்ததும் குடத்திற்குப் புதிய கிரீஸ் ஏற்றுவது அதனினும் உத்தமம். வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களிலும், நடவாட்களை ஏற்றிச் செல்லும் டிராக்டர்களிலும் முன் சக்கரம் ஆடுவதைக் கண்டால், கிராம உத்தியோகஸ்தர்கள் உடையவர்களுக்கு உடனே எடுத்துக்கூறுதல் நலம். ஒரு சீலும் ஒரு பின்னும் சொற்ப விலையுள்ளவை. அவற்றை மாற்றத் தவறியதால் இழக்கும் பருவமோ திரும்பக் கிடைப்பதன்று.