கையைப் பார்த்துக் கடன் கொடுக்கலாமா?

அண்மையில் ஒரு வலீமா விருந்தில் சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தோம். கை கழுவத் தண்ணீர் வந்தபோது பக்கத்திலிருந்த இளைஞர் தனது கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். 300 மீற்றர் ஆழக் கடலிலும் தண்ணீர் புகாத கடிகாரம் என்று அவரே பிறகு சொன்னார். ஆனாலும் கை கழுவக் கழற்றிவிட்டார்! அதன் பின்னர் சஹனில் பேச்செல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான். சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு, பெற்றரி கிடையாது, விலை ஒன்பதாயிரம் டொலருக்கு மேல். நமது காசில் இருபத்தேழு இலட்சத்தைத் தாண்டும். ஊரில் ஒரு சிறிய பலசரக்குக் கடைக்குச் சாமான் நிரப்ப அது தாராளமாகப் போதும்.

"ஹாஜியார், இது மணி பார்க்கிறதுக்கு இல்ல. பெரிய ஆக்களோட பேசப் போனா மொதல்ல கையத்தான் பார்க்கிறாங்க" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் வியாபாரிகளாகிய நாம் இந்த விடயத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

மணி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இத்தகைய கடிகாரத்துக்கு இன்று அவசியமே இல்லை. சுருள்வில்லும் பற்சக்கரங்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய பாகங்கள் சேர்ந்து அதை ஓடச் செய்கின்றன. தரச்சான்றிதழ் பெற்ற சுவிஸ் இயந்திரம்கூட ஒரு நாளைக்கு 4 செக்கன்கள் பிந்தவோ 6 செக்கன்கள் முந்தவோ அனுமதி உண்டு. பெற்றரியில் ஓடும் மலிவான குவாட்ஸ் கடிகாரமோ ஒரு மாதத்துக்கே சுமார் 15 செக்கன்கள்தான் பிசகும்.

இந்தக் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் ஸெய்கோ நிறுவனம், 1969 டிசம்பர் 25 ஆம் திகதி. அன்று அதன் விலை 450,000 யென். சில வருடங்களில் விலை மளமளவென்று இறங்கியது. சுவிஸ் கடிகாரத் தொழில் ஆட்டம் கண்டது. 1970 அளவில் அங்கு அத்தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை செய்தனர். 1980களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர்.

சுவிஸ்காரர்கள் எப்படி மீண்டார்கள் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பெய்ரூட்டில் பிறந்த நிக்கொலஸ் ஹயெக் போன்றோர் 1983 இல் வெளிவந்த ஸ்வொட்ச் என்ற மலிவான பிளாஸ்டிக் கடிகாரத்தைக் கொண்டு கீழ்ச் சந்தையைப் பிடித்தனர். மறுபுறம், ஜீன் குளோட் பிவர் என்பவர் தனது கூட்டாளியுடன் சேர்ந்து 1982 இல் பிளாங்பெயின் என்ற பழைய பெயரை வெறும் 22,000 சுவிஸ் பிராங்குக்கு வாங்கினார். நாங்கள் ஒருபோதும் குவாட்ஸ் செய்ததில்லை, செய்யப்போவதுமில்லை என்பதையே விளம்பரமாக்கினார். பத்து வருடங்களில் அதை 6 கோடி பிராங்குக்கு விற்றார். சந்தையில் பழசாகிப்போன குணத்தையே பெருமையாக மாற்றி விலை பேசிய கெட்டித்தனம் அது. மலிவுச் சரக்கோடு விலையில் போட்டியிட்டு அழிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த வியாபாரத்தில் இலாபம் கண்டவர்கள் கடிகாரத்தை விற்றவர்கள். கௌரவம் தேடி வாங்கிக் கட்டுகிறவர்கள் நாம்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் கடைக்கு வந்து 60 நாள் தவணைக்குச் சரக்குக் கேட்டார். புதிய ஆள் வந்தால் நான்கு கடைகளில் விசாரிப்பது என் வழக்கம். "கேட்டுப் பார்ப்போம் முதலாளி" என்று கணக்குப்பிள்ளையும் சொன்னார். நான் வந்தவருடைய கையைப் பார்த்தேன், விசாரிக்கவில்லை. காசோலை திரும்பி வந்தது. எங்கள் நால்வரிடம் கடனுக்கு எடுத்த சரக்கை அவர் அடக்க விலைக்கும் குறைவாகக் கைக்காசுக்கு விற்றிருந்தார். கடைசியில் பேச்சுக்கு உட்கார்ந்தபோது கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அசல்தான். விற்றபோது வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதையும் நான்காகப் பங்கிட்டோம்.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. அதே வாரம் கிழக்கிலிருந்து வரும் ஒரு சிறு வியாபாரி இரண்டு வாரம் கூடுதல் தவணை கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாதவர். கையில் கடிகாரமே இல்லை. அவரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

"இது முதலீடு" என்றும் சிலர் கூறுவர. ஒரு சில ரகங்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்குபவை. 2021 இல் உலகெங்கும் பழைய ஆடம்பரக் கடிகாரங்களின் விலை எகிறியது. 2022 இன் ஆரம்பத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். மேலும் சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டும், அந்தச் செலவு வேறு. விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. அதற்குரிய ஸகாத் கணக்கை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது தெரிந்ததே. தங்கக் கடிகாரமும் அதில் அடங்கும்.

நல்ல பொருளை விரும்புவது குற்றமல்ல. அல்லாஹ் தந்த இலாபத்தில், கடன்காரர்களுக்குக் கொடுத்து, ஊழியர் சம்பளத்தைக் கொடுத்து, ஸகாத்தையும் கொடுத்த பின் ஒருவர் விரும்பியதை வாங்கிக் கட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. பெருமை மட்டும் கூடாது. ஆனால் அடுத்தவன் சரக்கின் காசில் கட்டும் கடிகாரம் அமானிதத்தை மீறுவதாகும்.

கடன் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிறவருடைய கையைப் பார்க்காதீர்கள், கொடுக்கல் வாங்கலைப் பாருங்கள். நாம் கையைப் பார்ப்பதை நிறுத்தினால், இளைஞர்கள் கடன்பட்டுக் கடிகாரம் கட்டுவதும் குறையும்.

நாணயமான வியாபாரிகளின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.