தீவனத்தில் தாமிரம் இருந்தும் மாட்டுக்குப் பற்றாக்குறை ஏற்படுவது ஏன்?

திருப்பதி: கறவை மாடு சினை பிடிக்காமல் போவதற்கும், அதன் ரோமம் நிறம் மங்குவதற்கும் தாமிரப் பற்றாக்குறை ஒரு காரணம். ஆனால், தீவனத்தில் போதிய தாமிரம் இருக்கும்போதே இந்தக் குறைபாடு ஏற்படக்கூடும். பிற தாதுக்கள் அதனை உடலில் சேரவிடாமல் தடுப்பதே இதற்குக் காரணமாகும்.

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பால் வருமானத்தை நம்பியுள்ள சிறு விவசாயக் குடும்பங்கள் ஏராளம். வைக்கோல், நிலக்கடலைக் கொடி ஆகியவற்றுடன் தாது உப்புக் கலவையும் வாங்கிக் கொடுக்கும் இவர்கள், தாதுக்களின் அளவை மட்டுமன்றி விகிதத்தையும் அறிந்திருப்பது அவசியம்.

வயிற்றில் நடப்பது என்ன?

மாட்டின் அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள், தீவனத்திலும் குடிநீரிலும் உள்ள கந்தகத்தை சல்பைடாக மாற்றுகின்றன. இது மாலிப்டினத்துடன் சேர்ந்து தயோமாலிப்டேட் என்ற சேர்மமாகிறது. இச்சேர்மம் தாமிரத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், அது குடலில் உறிஞ்சப்படாமல் சாணத்துடன் வெளியேறுகிறது.

இரும்புச்சத்து மிகுந்த நீரும், தீவனத்துடன் உட்செல்லும் மண்ணும் தாமிரம் சேர்வதைக் குறைக்கின்றன. துத்தநாகம் அளவுக்கு மீறினால், குடல் செல்களில் மெட்டாலோதயோனின் என்ற புரதம் பெருகி, தாமிரத்தை அங்கேயே பிடித்து வைக்கிறது.

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் மாடுகளைப் பாதித்த கடும் கழிச்சலுக்கு, புல்லில் மிகுந்திருந்த மாலிப்டினமே காரணம் என்பது 1938-இல் தெரியவந்தது. தாமிர சல்பேட் அளித்ததும் அவை குணமடைந்தன.

செம்மறியாடுகளுக்கு ஆபத்து

மாட்டுத் தீவனத்தின் உலர் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் தாமிரம் தேவை. தாமிரத்தின் அளவு மாலிப்டினத்தைப் போல் 2 மடங்குக்குக் கீழே சென்றால் பற்றாக்குறை ஏற்படும் அபாயம் உண்டு.

அதேவேளை, மாடுகளுக்கான கலவையைச் செம்மறியாடுகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவற்றின் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டும் தாமிரம் கல்லீரலில் தேங்கி, ஒரு கட்டத்தில் ரத்த சிவப்பணுக்களைச் சிதைத்து உயிரைப் பறித்துவிடும். மாலிப்டினம் மிகக் குறைவாக இருந்தால், வழக்கமான அளவு தாமிரமே நஞ்சாகலாம்.

தீர்வு என்ன?

அந்தந்தப் பகுதியின் மண், தீவனம் ஆகியவற்றில் உள்ள குறைபாட்டை ஆராய்ந்து கலவை தயாரிக்கும் முறையை, பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம் வலியுறுத்துகிறது. சினை பிடிக்காமைக்கு நோய்த்தொற்று, தீவனக் குறைவு உள்ளிட்ட வேறு காரணங்களும் இருப்பதால், கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்த பின்னரே கூடுதல் தாமிரம் கொடுக்க வேண்டும்.